அமிகா 500-க்கு எச்டிஎம்ஐ: வெளியே பெட்டியா, உள்ளே பலகையா?

கேள்வி

வணக்கம். என் அமிகா 500 (கமடோரின் பழைய வீட்டுக் கணினி, நொடிக்கு 50 படம் தரும் PAL டிவி முறை மாடல்) நன்றாக ஓடுகிறது, அதன் பிக்சர் டியூப் மானிட்டர்தான் போய்விட்டது. ஒற்றைக் கம்பி வீடியோவான காம்போசிட்டில் கறுப்பு வெள்ளை மட்டுமே வரும் என்பதால், சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும் 23 பின் ஆர்ஜிபி போர்ட்டிலிருந்து ஸ்கார்ட் (பழைய ஐரோப்பிய டிவி இணைப்பு) கேபிள் இழுத்து, ஒரு மலிவான ஸ்கார்ட்–எச்டிஎம்ஐ பெட்டி வழியாகக் கொடுத்தேன். எழுத்தெல்லாம் மசமசவென்று இருக்கிறது, விளையாட்டில் திரை பக்கவாட்டில் நகர்ந்தால் ஓரங்கள் சீப்புப் பல் மாதிரி பிரிகின்றன. இன்னும் நல்ல பெட்டி வாங்கலாமா, இல்லை உள்ளே கை வைக்கலாமா? சால்டரிங் சுமாராகத்தான் வரும்.

பதில் 1

உள்ளேயே கை வையுங்கள். அமிகா சாதாரணமாக அனுப்புவது இன்டர்லேஸ் (ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என மாறி மாறி அனுப்பும் முறை) இல்லாத, நொடிக்கு 50 முழுப் படம். மலிவான பெட்டிகள் பல அதை டிவி ஒளிபரப்பு போல இன்டர்லேஸ் என்று எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றாகப் பின்னிவிடுகின்றன, சீப்புப் பல் அதனால்தான். மசமசப்பு வேறு கதை. டிஜிட்டலாக இருந்த படம் அனலாக் ஆகி வெளியே வருகிறது, ஒரு பிக்சல் எங்கே முடிகிறது என்று தெரியாத பெட்டி அதை மறுபடி டிஜிட்டல் ஆக்குகிறது.

அமிகாவில் படத்தை வெளியே அனுப்பும் டெனிஸ் சிப்பின் கால்களில் நிறம் இன்னும் டிஜிட்டலாகவே இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 4 பிட், ஆக 4096 நிறம். அதை அங்கேயே பிடித்து எச்டிஎம்ஐ ஆக்குவதுதான் ஆர்ஜிபிடூஎச்டிஎம்ஐ என்ற பலகை. டெனிஸைக் கழற்றி, அந்தச் சாக்கெட்டில் பலகையைச் செருகி, டெனிஸைப் பலகைமேல் உட்கார வைத்து, ராஸ்ப்பெரி பை ஜீரோ என்ற சின்னக் கணினியை மாட்டினால் போதும். மதர்போர்டில் சால்டரே வேண்டாம். முதல்முறை ஒர்க்பெஞ்ச் (அமிகாவின் டெஸ்க்டாப்) எழுத்துகளை அதில் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பதில் 2

வாங்குவதற்கு முன் உங்கள் மானிட்டர் 50 ஹெர்ட்ஸ் ஏற்கிறதா என்று ஒரு லேப்டாப்பை அந்த வேகத்தில் வைத்துச் சோதியுங்கள். சில மானிட்டர்கள் கறுப்பாகவே நிற்கும், சில உள்ளுக்குள் 60 ஆக மாற்றிக்கொள்ளும், அப்போது ஸ்க்ரோல் வெட்டி வெட்டி ஓடும். அப்புறம், டெனிஸுக்கு 48 கால்கள். இரு முனையிலும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள், திரும்ப வைக்கும்போது வெட்டுக்குறி எந்தப் பக்கம் என்று முதலிலேயே போட்டோ எடுத்து வையுங்கள். எச்டிஎம்ஐ கேபிளை அடியிலுள்ள மெமரி மூடி வழியே இறக்கினால் உறையை அறுக்கத் தேவையில்லை. அந்த இடத்தில் மெமரி அட்டை இருந்தால் அதன் பேட்டரியைக் கட்டாயம் பாருங்கள், கசிந்தால் செம்புத் தடத்தையே அரித்துவிடும்.

பதில் 3

கமடோர் 64 வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து: அங்கே இது அப்படியே நடக்காது. அதன் வீடியோ சிப்பான விஐசி-2 படத்தை அனலாக் லூமா (வெளிச்சம்), குரோமா (நிறம்) ஆகத்தான் வெளியே தருகிறது, பிடிக்க டிஜிட்டல் கால்கள் இல்லை. அதனால் சிப்புக்கும் மதர்போர்டுக்கும் நடுவே ஒரு எஃப்பிஜிஏ (உள் சுற்றை வேண்டியபடி அமைக்கக்கூடிய சிப்) பலகை வைத்து, பஸ்ஸில் (சிப்புகள் பேசிக்கொள்ளும் கம்பிகளில்) போவதைக் கவனித்துப் படத்தைத் திரும்பக் கட்டுகிறார்கள், அல்லது கவாரி போன்ற மாற்றுப் பலகையைப் போட்டு சிப்பையே மாற்றிவிடுகிறார்கள். அந்த வகையில் அமிகாக்காரர்களுக்கு வேலை சுலபம்.

கேள்வி கேட்டவர்

நன்றி. மானிட்டர் 50 ஹெர்ட்ஸை ஏற்றுக்கொண்டது. மெமரி அட்டையைத் திறந்தால் பேட்டரியைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கிறது, இன்றே வெட்டி எடுத்துச் சுத்தம் செய்கிறேன். பலகை அதற்கு அப்புறம்தான்.