மறு: ‘காம்பன்சேட்டரி அஃபாரஸ்டேஷன்’ – ‘ஈடுசெய் காடு வளர்ப்பு’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் குழுமத்துக்கு ஐயா அனுப்பிய சூழலியல் சொற்பட்டியலில் மற்ற சொற்களில் எனக்குப் பிணக்கு இல்லை. ‘யானை வழித்தடம்’ எப்போதோ ஊன்றிவிட்டது. ‘சூழல் உணர்திறன் மண்டலம்’ (சரணாலயங்களைச் சுற்றிய கட்டுப்பாட்டுப் பகுதி) நாக்கில் சற்றே சிக்கினாலும் செய்தித்தாள்கள் எடுத்துக்கொண்டன. எடுத்துக்கொண்ட காட்டுக்காக வேறிடத்தில் மரம் வளர்ப்பதைக் குறிக்கும் ‘ஈடுசெய் காடு வளர்ப்பு’ மட்டும் அப்படியே அகராதிக்குப் போய்விட வேண்டாம்.

> சட்டத்தில் உள்ள சொல் ‘காம்பன்சேட்டரி’. அதை ‘ஈடுசெய்’ என்பதுதான் முறை. சட்டம் சரியா தவறா என்று பார்ப்பது கலைச்சொல்லாக்கம் செய்பவர் வேலை அல்ல.

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. சட்டத்துக்குத் தீர்ப்பு எழுத நான் வரவில்லை. அது என்ன செய்யச் சொல்கிறதோ அதைச் சொல் காட்டினால் போதும். 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காட்டு நிலத்தைச் சுரங்கத்துக்கோ அணைக்கோ சாலைக்கோ கொடுத்தால், பொதுவாக அதே பரப்பளவுக் காடல்லாத நிலத்தில் மரம் வளர்க்க வேண்டும். அப்படி நிலம் கிடைக்காதபோது சீரழிந்த காட்டில் இரண்டு மடங்குப் பரப்பில் நட வேண்டும். கணக்கெல்லாம் ஹெக்டேரில்தான். காடு தரும் சேவைகளுக்கு விலை போட்டு வாங்கும் ‘நிகரத் தற்கால மதிப்பு’ என்பதே தனித் தொகை. ஆக, நடவு மட்டுமே முழு ஈடு என்று சட்டமும் சொல்லவில்லை.

தமிழில் ‘ஈடு’ என்றால் சமம் என்றுதான் காதில் விழும். ‘அவருக்கு ஈடு அவர்தான்’, ‘ஈடு இணையில்லாத’, ‘வேகத்துக்கு ஈடுகொடுத்தான்’. ‘காட்டை அழித்தார்கள், ஈடுசெய்துவிட்டார்கள்’ என்று படிக்கிறவர் கணக்கு நேராகிவிட்டது என்றே நினைப்பார். ஆங்கிலச் சொல்லைவிட நம் சொல் கூடுதலாக வாக்குக் கொடுக்கிறது.

அந்தமான் நிக்கோபாரில் உள்ள கிரேட் நிக்கோபார் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெட்டக மாற்றுத் துறைமுகம் (சரக்குப் பெட்டிகள் கப்பல் மாறும் இடம்), விமான நிலையம், மின்நிலையம், நகரியம் என்று 2022 கணக்குப்படி ரூ.72,000 கோடித் திட்டம். ஏறத்தாழ 130 சதுர கி.மீ. காட்டைத் தருவதற்கு 2022 அக்டோபரில் முதற்கட்ட ஒப்புதல் கிடைத்தது. அதற்குப் பதிலாக மரம் நட அந்த ஒப்புதலில் குறித்த இடம் 2,000 கி.மீ.க்கும் அப்பால் உள்ள ஹரியானா. அந்தத் தீவின் கலாத்தியா விரிகுடாக் கரையோரக் காட்டில் நிக்கோபார் மெகாபோடு என்ற பறவை இருக்கிறது. நிக்கோபார் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அது முட்டைமேல் உட்கார்ந்து அடைகாப்பதில்லை. மணலையும் சருகையும் காலால் வாரிக் குவித்து மேடு கட்டி அதற்குள் முட்டையைப் புதைக்கிறது. சருகு மக்கும் சூட்டில் குஞ்சு பொரிந்து, தானே மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வந்து, அன்றிலிருந்தே தன்னைப் பார்த்துக்கொள்கிறது. அதே கரைக்குத்தான் ஏழுவரி ஆமை (லெதர்பேக் கடலாமை) முட்டையிட வருகிறது. தீவின் உள்ளே ஷொம்பென் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். ஹரியானாவின் ஆரவல்லி மலையடிவாரத்தில் எத்தனை லட்சம் கன்று நட்டாலும் இதில் எதற்கு அது ஈடு?

துறைமுகமே கூடாது என்று நான் வாதாடவில்லை. நம் சரக்குப் பெட்டிகள் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாறிப் போவதால் ஆகும் செலவு உண்மையானது. அரசு அதைக் குறைக்க நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். ‘ஈடுசெய்’ என்ற சொல் அந்த இடத்தில் திரை போட்டுவிடுகிறது.

‘காடு வளர்ப்பு’ என்ற பாதியிலும் சிக்கல் உண்டு. நீலகிரியில் புல்வெளியைத் தரிசு என்று எண்ணி, சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். மேலிருந்து பார்த்தால் பச்சைப்பசேல் என்றிருக்கும். ஆனால் வரையாடு மேயப் புல் இல்லை. ஓடை வற்றியதாகப் படுகர் ஊர்களில் இன்றும் சொல்வார்கள். சீகையை இப்போது வனத்துறையே பணம் செலவழித்து அகற்றுகிறது. நட்டது மரம். அது காடா என்பதைப் பல பத்தாண்டு கழித்துத்தான் சொல்ல முடியும்.

என் முன்மொழிவு: பதில்நடவு. ஒன்று போனதற்கு இன்னொன்று நடப்படுகிறது என்பது மட்டும் இதில் இருக்கிறது. சமம் என்ற உறுதி இல்லை, பழிப்பும் இல்லை. கூட்டுச்சொல்லாகவும் இழைகிறது: பதில்நடவு நிலம், பதில்நடவுக் கடப்பாடு, பதில்நடவு நிதி. இந்த நடவுக்கான நிதியைக் கையாள 2016இல் வந்த சட்டத்தின் பெயரைப் ‘பதில்நடவு நிதிச் சட்டம்’ என்று மூச்சுவிடாமல் சொல்லிவிடலாம். 2019இல் 27 மாநிலங்களுக்கு ரூ.47,436 கோடி பிரித்துக் கொடுத்தது இந்த நிதியிலிருந்துதான். இவ்வளவு பணம் புழங்கும் ஒன்றுக்குக் கிராமசபையில் எழுந்து கேட்கிறவர் வாயில் நிற்கிற சொல் வேண்டும்.

> ‘பதில்’ அரபு வழி வந்தது. ‘மாற்றுநடவு’ என்றால் என்ன?

அக்கா, முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் சாலை விரிவாக்கத்தில் ஆலமரத்தை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் வைக்கிறார்களே, ‘மாற்றுநடவு’ அதற்குத்தான் பொருந்தும். இரண்டும் ஒரே திட்ட அறிக்கையில் வரும், குழம்பும். ‘அதற்குப் பதிலாக’ என்று நாள் முழுக்கப் பேசுகிறோம், யாருக்கும் அயலாகப் படவில்லை. தனித்தமிழ்தான் வேண்டும் என்று குழுமம் முடிவு செய்தால் ‘எதிர்நடவு’ என்றும் யோசித்தேன். நடவை எதிர்ப்பது போல ஒலிக்கிறது, விட்டுவிட்டேன்.

இதெல்லாம் வெறும் சொல் சண்டை என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். நீலகிரியின் கூடலூர்க் காடுகளைப் பற்றி 1995இல் தொடுத்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கை அவருக்கு நினைவூட்டுகிறேன். 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், ‘காடு’ என்பதை அதன் அகராதிப் பொருளில்தான் கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. ஆவணத்தில் காடென்று பதிவாகாத, தனியாருக்குச் சொந்தமான நிலங்கள்கூட அந்த ஒரு வரியால் பாதுகாப்புக்குள் வந்தன. பதில்நடவு நிதி பிறந்ததும் அதே வழக்கின் தொடர் ஆணைகளில்தான்.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல்லும் தீரவில்லை. ‘சீரழிந்த காடு’ என்று மேலே நானும் எழுதியிருக்கிறேன், வேறு சொல் இல்லாததால். புல்வெளி, முட்புதர், கற்பாறைக் காடு எல்லாம் அந்தத் தலைப்பில் சேர்ந்து நடவுக்கு ஒதுக்கப்படுகின்றன. மரம் குறைந்த காடு வேறு, கெட்டுப்போன காடு வேறு. கள அனுபவம் உள்ளவர்கள், குறிப்பாக மேய்ச்சல்காரர்கள் பேச்சைக் கேட்டவர்கள், அவர்கள் இவற்றை எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அடுத்த சுற்றில் அதை எடுத்துக்கொள்வோம்.