டிராக் லிங்க்: இழுகோலா, ஏவுகோலா, திருப்புகோலா?

கிளிநொச்சி, பயிற்றுநர்:

அனைவருக்கும் வணக்கம். வாகனப் பொறிமுறை மாணவர்களுக்கான செய்முறைக் குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டியிருப்பதால் டிராக் லிங்க் என்ற ஸ்ரியறிங் பாகத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டி உங்களை நாடுகின்றேன். பாடத்துக்கு எடுத்துக்கொண்ட வாகனம், முன்பக்கத்தில் ஒரே முழு அச்சும் தகட்டு விற்களும் உள்ள பழைய ஹைலக்ஸ். காலபோக மழையில் நெடுங்கேணிப் பக்கத்து வயற்பாதைகளில் புதையாமல் ஓடுவதற்காக உரிமையாளர் அதனை 4 அங்குலம் உயர்த்தியிருக்கின்றார். அதன் பிறகு, சில்லு பள்ளத்தில் விழுந்தெழும் ஒவ்வொரு முறையும் ஸ்ரியறிங் கையிலிருந்து பறித்துக்கொண்டு திரும்புகின்றது.

பழைய அமைப்பில் ஸ்ரியறிங் பெட்டியிலிருந்து நீளும் பிட்மன் ஆம் என்ற கை முன்னும் பின்னும் ஆடும். அதிலிருந்து டிராக் லிங்க் வாகனத்தின் நீளவாக்கில் சென்று, அதே பக்கத்து வலச் சில்லின் நக்கிளை, அதாவது சில்லைத் தாங்கித் திரும்பும் பாகத்தை, அசைக்கும். அங்கிருந்து டை ரொட் என்ற இன்னொரு தண்டு இடச் சில்லையும் சேர்த்துத் திருப்பும். ஆகவே இதுவரை முதலாவதை நெடுக்குத்தண்டு என்றும் இரண்டாவதைக் குறுக்குத்தண்டு என்றும் எழுதி வந்தேன். இப்போது நாங்கள் பொருத்துவது பக்கவாட்டில் ஆடும் பிட்மன் ஆம் கொண்ட பெட்டி. நக்கிளின் மேல் உயரமான கைகளைப் பூட்டி, டிராக் லிங்கை விற்களுக்கு மேலாக மறுபக்கத்துச் சில்லுக்குக் கொண்டுபோகின்றோம். இரண்டு தண்டுகளும் குறுக்கே போகும்போது, திசையை வைத்துச் சூட்டிய என் பெயர்கள் பயனற்றுப் போகின்றன.

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, முதலில் தண்டு என்பதைக் கைவிடுங்கள். எங்கள் உயர்தர மாணவர்கள் இணைந்த கணிதத்தில் 'சீரான கோல்' என்றே படித்து வருகின்றார்கள். எழுதுகோல், துலாக்கோல், மாட்டை ஓட்டும் தாற்றுக்கோல் என்று, கைக்கருவிகள் பலவற்றுக்குப் பெயர் தந்த சொல் அது. தண்டு என்றால் தாமரைத் தண்டும் முதுகுத்தண்டும் படையும் கூட நினைவுக்கு வரும்.

டிராக் என்பதை இழு என்று கொண்டு, வினைத்தொகையாக இழுகோல் என்று அமைக்கலாம். வண்டிக்காரர் நாணயக் கயிற்றை இழுத்து மாட்டைத் திருப்புவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இச்சொல் உடனே விளங்கும். மேலும், பள்ளத்தில் விழுந்தெழும்போது தானாகத் திரும்பும் அந்தக் குறைபாட்டுக்கும் ஒரு பெயர் வேண்டுமல்லவா? புறநானூற்றின் 102ஆம் பாட்டில், உப்பு வணிகரான உமணர் தம் வண்டி 'அவல் இழியினும் மிசை ஏறினும்' என்ன நேருமோ என்று எண்ணிச் சேம அச்சை, அதாவது மாற்று அச்சை, கீழ்மரத்தில் கட்டிப் போகின்றார்கள். பள்ளத்தில் இறங்குவதையும் மேட்டில் ஏறுவதையும் இதைவிடச் சுருக்கமாக எவர் சொன்னார்? அதனை 'அவல்மிசைத் திருப்பம்' என்று வழங்கலாம் என்பது என் பணிவான முன்மொழிவு.

மாங்குளம், கராஜ் நடத்துபவர்:

ஆசிரியர் ஐயாவின் மேல் எனக்கு மிகுந்த மதிப்புண்டு. ஆனாலும் இழுகோல் பிழையான பெயர். கயிறு இழுக்க மட்டுமே செய்யும், தள்ளாது. டிராக் லிங்க் ஒரு பக்கம் திருப்பும்போது இழுக்கும், மறுபக்கம் திருப்பும்போது தள்ளும். இழுகோல் என்று படித்த பையன், முனைகளில் உள்ள பந்து மூட்டுகளின் தேய்மானத்தை ஒரு திசையில் மட்டும் அசைத்துப் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்லிவிடுவான். மறுதிசையில் உள்ள ஆட்டம் ஓட்டுபவர் கைக்கே வந்து சேரும்.

பறிப்பது ஏன் என்பதையும் குறிப்பில் கணக்கோடு எழுதுங்கள். 1000 மில்லிமீற்றர் நீளமான டிராக் லிங்க் கிடையாக இருக்கும்போது சில்லுப்பக்க முனை 50 மில்லிமீற்றர் இறங்கினால், அம்முனை உள்ளே நகர்வது ஒன்றேகால் மில்லிமீற்றர் அளவே. அதே கோல் ஏற்கெனவே 200 மில்லிமீற்றர் சரிந்து நிற்கும்போது மேலும் 50 இறங்கினால், நகர்வு 11 மில்லிமீற்றரைத் தாண்டும். அந்த 11 மில்லிமீற்றரும் நக்கிளைத் திருப்புகின்றது. உயரமான கைகளைப் பூட்டுவது சரிவைக் குறைப்பதற்காகவே. சுருள்வில் வாகனமென்றால், அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் கோலும் டிராக் லிங்கும் ஒரே சரிவில், ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். இரண்டும் ஒரே வளைவில் அசைந்தால் ஒன்றின் நகர்வை மற்றது ஈடுசெய்துவிடும்.

பெயரைப் பொறுத்தவரை, உதிரிப்பாகக் கடையில் கேட்கும் சொல் டிராக் லிங்க். அதையே எழுதுங்கள்.

வவுனியா, மொழிபெயர்ப்பாளர்:

கடையில் கேட்கும் சொல்லும் பாடத்தில் விளக்கும் சொல்லும் வேறுவேறு வேலை செய்கின்றன. டிராக் லிங்க் என்ற ஒலியிலிருந்து மாணவனுக்கு எந்தக் கருத்தும் கிடைப்பதில்லை. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய மண்ணில் இருந்துகொண்டு, ஓர் இரும்புக் கோலுக்குப் பெயர் காண முடியாது என்று நாம் ஒதுங்கலாகாது.

ஓட்டுபவரின் கட்டளையைப் பெட்டியிலிருந்து சில்லுக்குக் கொண்டுபோவதால், முதலில் ஏவுகோல் என்று நினைத்தேன். பொருளில் அதுவே மிகச் சரியானது. ஆனால் வன்னியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏவு என்றதும் எது நினைவுக்கு வரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கடத்துகோல் என்றாலும் அப்படியே. இயற்பியலில் கடத்தி என்ற சொல் இருப்பது உண்மைதான். ஆனால் பிள்ளையின் வீட்டில் அந்த வினைக்கு என்ன பொருள் என்பதையும் நாம் எண்ண வேண்டும்.

ஆகவே டிராக் லிங்குக்குத் திருப்புகோல், டை ரொட்டுக்கு இணைகோல் என்று முன்மொழிகின்றேன். திரும்பு தன்வினை, திருப்பு பிறவினை. கோல் தான் திரும்புவதில்லை, சில்லைத் திருப்புகின்றது. வினைத்தொகையாதலால் இடையில் ககர ஒற்று மிகாது என்பதை அச்சகத்துக்குச் சொல்லிவிடுங்கள். இதே இலக்கணம் அந்தக் குறைபாட்டுக்கும் வழிகாட்டுகின்றது: எவரும் திருப்பாமலே சில்லு திரும்புவதால் அது திருப்பல் ஆகாது, திரும்பல். மேடுபள்ளத் திரும்பல் என்றால் ஆசிரியர் சொன்ன அவலும் மிசையும் இன்றைய சொல்லில் வந்துவிடுகின்றன. அவல் என்றால் இன்று உண்ணும் அவலே மாணவனுக்குத் தோன்றும்.

மாங்குளம், கராஜ் நடத்துபவர்:

இணைகோல் நன்று. திருப்புகோலை ஏற்க என் மனம் இடந்தரவில்லை. வாகனத்துக்குக் கீழே படுத்திருந்துகொண்டு திருப்புகோல் என்று சொன்னால், மேலே நிற்கும் பையன் திருப்புளியை எடுத்து நீட்டுவான். இணைகோலும் மறுசில்லைத் திருப்பத்தானே செய்கின்றது?

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கயிறு தள்ளாது என்ற ஒரு வரியில் என் இழுகோல் விழுந்துவிட்டது, அதனை மீளப்பெறுகின்றேன். தன்வினை, பிறவினை விளக்கம் எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது. ஆயினும் ஏவுகோலை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஏவல் என்பது இலக்கணத்தில் எத்தனையோ காலமாக இருந்து வரும் சொல். இடையில் வந்த துன்பத்துக்காக அதனை இழக்க வேண்டுமா? பிள்ளைகள் அச்சொல்லை ஒரு கோலின் பெயராக நாள்தோறும் கையாளக் கையாள, பழைய பொருள் அவர்களிடம் மீளும் என்று நம்புகின்றேன்.

கிளிநொச்சி, பயிற்றுநர்:

மூன்று நாட்களாக நேரம் ஒதுக்கிய அனைவருக்கும் நன்றி. இணைகோலுக்கும் மேடுபள்ளத் திரும்பலுக்கும் மறுப்பில்லாததால் அவற்றை அப்படியே எழுதிவிட்டேன். திருப்புகோலுக்கு என்னுடன் சேர்த்து இருவர் இசைவு. அதனை, முதல் வரும் இடத்தில் 'டிராக் லிங்க் எனப்படும் திருப்புகோல், பெட்டியிலிருந்து நக்கிளுக்குச் செல்வது' என்று எழுதியுள்ளேன். இணைகோல் நக்கிளிலிருந்து நக்கிளுக்குச் செல்வது என்பதையும் அடுத்த வரியில் சேர்த்ததால், மாங்குளத்தார் சொன்ன குழப்பம் பாதியாவது குறையும். 1000 மில்லிமீற்றர் கணக்கு முழுவதையும் படத்துடன் சேர்த்துள்ளேன். ஏவுகோலை எழுத என் கை வரவில்லை, ஐயா. என் வகுப்பில் இருப்பவர்களை நான் அறிவேன்.

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

உங்கள் முடிவை மதிக்கின்றேன். அடுத்த பதிப்பின்போது மறுபடியும் கேட்பேன்.