சேலம் பாரிலிருந்து பி.வி.ஐ., கேமன் லிட்டிகேஷன் வேலைக்குப் போக முடியுமா?

அஸ்தம்பட்டி_சிவில்:
சிவிலில் 11 வருட பிராக்டீஸ். ஏற்காடு எஸ்டேட் பாகப்பிரிவினை, ஸ்டீல் வியாபாரிகளின் பண வழக்கு, கொஞ்சம் ஆர்பிட்ரேஷன். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் (பி.வி.ஐ.), கேமன் தீவுகள் பக்கம் லிட்டிகேஷன் வக்கீல் கேட்டு விளம்பரம் வருகிறது. இங்கத்திய என்ரோல்மென்ட் போதுமா? அங்கே வேலை எப்படி?

ஆஃப்ஷோர்_நோட்ஸ்:
போதாது சார். அந்த ஃபர்ம்கள் பெரும்பாலும் இங்கிலாந்து போன்ற சில நாடுகளில் தகுதி பெற்றவரைத்தான் எடுக்கின்றன. உங்களுக்கு நடைமுறை வழி எஸ்.க்யூ.இ., அதாவது இங்கிலாந்து சொலிசிட்டர் தகுதித் தேர்வு. முதல் கட்டம் 180 கேள்வியாக இரண்டு தாள். ஐந்தில் ஒரு விடை, நெகட்டிவ் மார்க் இல்லை. கான்ட்ராக்ட், டார்ட் (தீங்கியல் சட்டம்) நமக்குப் பழகியது; நேரம் தின்பது அவர்கள் நிலச்சட்டமும் சொலிசிட்டர் அக்கவுன்ட்ஸும் (கட்சிக்காரர் பணத்தைக் கையாளும் கணக்கு). இரண்டாம் கட்டத்தில் 12 எழுத்து, 4 வாய்மொழி. வாய்மொழிக்கு இங்கிலாந்து அல்லது வேல்ஸுக்குப் போயே ஆக வேண்டும். ஏற்கெனவே வக்கீலாக இருப்பவருக்கு இரண்டு வருட வேலை அனுபவ நிபந்தனை கிடையாது.

மனுதாரர்_தரப்பு:
வேலையைப் பற்றி. குறுக்கு விசாரணைதான் உங்கள் பலம் என்றால் ஏமாற்றமாக இருக்கும். பெரிய விசாரணைகளில் வாதாட லண்டனிலிருந்து கே.சி. (கிங்ஸ் கவுன்சல், மூத்த வக்கீல்) வந்துவிடுவார். உங்கள் பங்கு அஃபிடவிட், பண்டில் (ஆவணக் கட்டு), இடைக்கால மனு.

எதிராளி சொத்தைக் கைமாற்றக் கூடாது என்று தடுக்கும் ஃப்ரீஸிங் ஆர்டரையே எடுங்கள். நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 38 ரூல் 5 ஜப்தி சொத்தைப் பிடிக்கிறது. ஃப்ரீஸிங் ஆர்டர் ஆளைக் கட்டுகிறது, சொத்தின் மேல் உரிமை எதுவும் தராது. வழக்கில் வலு, சொத்தைக் கரைத்துவிடும் நிஜமான ஆபத்து, ஆர்டர் தவறென்றால் எதிர்த்தரப்புக்கு நஷ்ட ஈடு தருவதாக உறுதிமொழி மூன்றும் காட்ட வேண்டும். எதிர்த்தரப்பு இல்லாமல் தனியாகக் கோர்ட்டுக்குப் போகும்போது அவருக்குச் சாதகமானதையும் நீங்களே கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டும். ஒரு கடிதத்தை மறைத்தால் ஆர்டரே கலைந்து செலவுத்தொகையும் தலையில் விழும். நம் ஊர் எக்ஸ்-பார்ட்டி பழக்கத்தோடு போகிறவர் மாட்டுவது இங்கேதான்.

ஃப்ரீஸிங் ஆர்டர் பற்றி 2021-ல் பிரிவி கவுன்சில் (பி.வி.ஐ.க்கு இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம்) சொன்ன கான்வாய் கொலாட்டரல் – பிராட் ஐடியா தீர்ப்பைப் படிக்காமல் இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள்.

நேரக்கணக்கு இன்னொரு தொல்லை: 6 நிமிஷம் ஒரு யூனிட். 'கட்டு படித்தது' என்று மட்டும் எழுதினால் பில்லில் வெட்டுவார்கள். எந்த ஆவணம், எதற்காக என்று இருக்க வேண்டும்.

அஸ்தம்பட்டி_சிவில்:
நன்றி சார். பாகப்பிரிவினை அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா?

மனுதாரர்_தரப்பு:
அப்படியே எழுதினால் இல்லை. அங்கே ஓடுவது கம்பெனி கலைப்பு, பங்குதாரர் தகராறு, மோசடிப் பணத்தைத் தேடுவது. சென்னை என்.சி.எல்.டி.யில் (கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) பங்குதாரர் ஒடுக்குமுறை பற்றிய கம்பெனிகள் சட்டம் 241, 242 மனுக்களும் திவால் சட்டத்தின் (Insolvency and Bankruptcy Code) 7, 9 மனுக்களும் சில வருடம் நடத்துங்கள். பி.வி.ஐ. கம்பெனி சட்டத்தின் 184I பிரிவு அந்த 241-க்குப் பக்கத்து வீடுதான். பிறகு சி.வி.யில் ஒவ்வொரு வழக்குக்கும் என்ன மனு, எவ்வளவு தொகை, என்ன உத்தரவு என்று மூன்று வரி.

ஷெவராய்_லா:
ஒன்று விட்டுப்போச்சு. முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தால் இங்கே பிராக்டீஸ் செய்வதை பார் கவுன்சில் விதி 49 தடுக்கும். சேரும் முன் மாநில பார் கவுன்சிலுக்கு எழுதி பிராக்டீஸை நிறுத்திவையுங்கள். நற்சான்று அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக ஆவணத்துக்குப் பெறும் அரசு முத்திரை) தேவையா என்று ஃபர்மிடம் கேளுங்கள். நிலுவையிலுள்ள வக்காலத்துகளில் 'ஆட்சேபணை இல்லை' எழுதி, கட்டுகளைக் கட்சிக்காரரிடம் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுங்கள்.