பின்வளவு வீட்டுக்கு வைஃபை: கேபிளா, காற்றா?

வளவுக்காரன் (ஆரையம்பதி, இப்போது கத்தார்)

எங்கள் வளவு அரை ஏக்கர். ஆனால் அகலமில்லை, ரோட்டுப் பக்கம் 25 மீட்டர், உள்ளே 80 மீட்டர் நீட்டு. முன்வீடு தங்கச்சிக்குச் சீதனமாகப் போய்விட்டது, நம்மூர் வழக்கம் தெரியும்தானே, அம்மாவும் அப்பாவும் கிணற்றடிக்கு அப்பால் சின்ன வீடு கட்டிப் போய்விட்டார்கள். ஃபைபர் இணைப்பும் ரவுட்டரும் முன்வீட்டு ஹோலில் இருக்கின்றன. இரண்டு வீட்டுக்கும் இடையில் 60 மீட்டர், அதற்குள் பதினான்கு தென்னை, ஒரு மாமரம், தகரம் போட்ட மாட்டுக்கொட்டில். வீடியோ கோல் எடுத்தால் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கட்டுக்கு வரவேண்டும், அங்கேதான் இரண்டு கோடு சிக்னல். போன கிழமை மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு நின்று பேசினார். மச்சான் கடைக்காரரைக் கேட்டு ஒரு ரிப்பீட்டர் வாங்கிப் பின்வீட்டுச் சுவரில் குத்திவிட்டார். இப்போது போனில் கோடு முழுதாக நிற்கிறது, படம்தான் அசையவில்லை. ஏன்?

வயர்காரன் (கல்முனை)

சட்டியில் இருந்தால்தானே தம்பி அகப்பையில் வரும். போனில் தெரிகிற கோடு போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலான கதை. ரிப்பீட்டருக்கு ரவுட்டரிலிருந்து என்ன வருகிறது என்பதை அது காட்டாது. சிக்னல் செத்த இடத்தில் ரிப்பீட்டரைக் குத்தினால் அது எதைத் திருப்பிச் சொல்லும்? நடுவழியில், சிக்னல் இன்னும் உயிரோடு இருக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும், உங்கள் நடுவழியிலோ மாடு நிற்கிறது. அப்படி வைத்தாலும் ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திருப்பிச் சொல்கிற சாமானில் வேகம் பாதியாகிவிடும். கேட்6 என்கிற செம்பு நெட்வொர்க் கேபிள் ஒரே இழுவையில் 100 மீட்டர் போகும், உங்களுக்கு 60தான். ஆரையம்பதி மணல் மண், மண்வெட்டி வெண்ணெய் வெட்டுகிற மாதிரி இறங்கும். ஒன்றரை அடி ஆழத்தில் பிவிசி பைப், அதற்குள் கேபிள், அந்தப் பக்கம் ஒரு பழைய ரவுட்டரை, கேபிளில் வருவதை வைஃபையாக்குகிற ஆக்சஸ் பொயின்ட் ஆக்கி, அதன் டிஎச்சிபியை, அதாவது போன்களுக்கு முகவரி கொடுக்கிற வேலையை, நிறுத்திவிட்டால் கதை முடிந்தது.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

வயர்காரன் நானா சொல்வது வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஐப்பசி கார்த்திகையில் நம்ம பக்கம் இடி எப்படி விழும் என்று யோசித்தாரா? என் பெரியம்மா வீட்டில் இதே மாதிரி, வீட்டிலிருந்து கோழிக்கூட்டு கமரா வரைக்கும் பைப்புக்குள்தான் கேபிள். மின்னல் விழுந்தது பக்கத்து வளவுத் தென்னையில். ஆனால் இங்கே ரவுட்டர், சுவிட்ச், கமராப் பெட்டி மூன்றும் ஒரே நேரத்தில் போயின, ரவுட்டரைத் திறந்து பார்த்தால் கேபிள் குத்துகிற வாய்க்குப் பக்கத்தில் கறுப்பாகக் கருகி மீன் பொரித்த மாதிரி ஒரு மணம். செம்பு செம்புதான், மண்ணுக்குள் போட்டால் மின்னலுக்குத் தெரியாது என்று யார் சொன்னது? இரண்டு வீட்டுக் கூரையிலும் ஒரு சோடி வெளிப்புற பிரிட்ஜ், காற்றிலேயே இணைப்பைக் கடத்துகிற பெட்டி, வைத்தால் போதும். டிபி-லிங்க் சிபிஇ510 மாதிரி, 5 கிகாஹெர்ட்ஸ், ஒன்றை ஒன்று பார்க்கத் திருப்பி வை. கிலோமீட்டர் கணக்கில் போகிற சாமானுக்கு 60 மீட்டர் எம்மாத்திரம்?

வயர்காரன்

ஒன்றை ஒன்று பார்த்தால்! இடையில் பதினான்கு தென்னை நிற்கிறது என்று அவர் எழுதியதைப் பார்த்தீரா? கண்ணுக்கு ஓட்டை தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் மாதிரி நேராகப் போவதில்லை, நடுவில் பருத்துப் போகிறது. 60 மீட்டருக்கு 5 கிகாஹெர்ட்ஸில் நடுப்பகுதி ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆரம், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒன்றரை மீட்டருக்குக் கிட்ட வரும். அந்த வட்டத்துக்குள் ஓலை இருந்தால் அடி வாங்கும். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஒவ்வொரு ஓலையும் எந்தப் பக்கம் போகும் என்று உமக்குத் தெரியுமா?

படுவான்கரைப் பொடியன்

ஏன் இந்தப் பாடு, அம்மாவுக்கு ஒரு சிம் போட்ட 4ஜி ரவுட்டர் வாங்கிக் கொடுத்தால் போதாதா? மண்வெட்டியும் வேண்டாம் கூரையும் வேண்டாம்.

வளவுக்காரன்

முன்வீட்டில் ஏற்கனவே மாதக் காசு கட்டுகிறோம் தம்பி, இன்னொன்றா? அதுவும் பின்வீட்டுக்குள் 4ஜி ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. வாவிக்கரை, மழைக்கு உங்கள் பிரிட்ஜ் நிற்குமா? எங்கள் சற்றலைற் டிஷ் மழை தூறினாலே படத்தை நிறுத்திவிடும்.

வாவிக்கரை

டிஷ் 11, 12 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது, வானத்திலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் வந்து களைத்து இறங்குகிற சிக்னல். அதை மழை தடுக்கும். 60 மீட்டர் தூரத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸை மழைத்துளி ஒன்றும் செய்யாது. ஓலை நனைந்தால்தான் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். தென்னையில் ஒரு வசதி இருக்கு, ஓலை எல்லாம் உச்சியில், கீழே வெறும் மரம். கூரைக்குக் கொஞ்சம் மேலே, ஓலைக்குக் கீழே ஒரு வழி கிடைக்கும். மாமரம்தான் பிரச்சினை, ஒரு கொப்பை வெட்டலாமே?

வளவுக்காரன்

அம்மாவிடம் மாமரத்தில் கை வைக்கக் கேட்பதைவிட நான் ஊருக்கே வந்து பேசிவிடலாம்.

தோணாமுகம் (அக்கரைப்பற்று)

இரண்டு பேரும் வருஷக் கணக்காக இதே சண்டை. முன்வீட்டுக்குள் வந்திருப்பது என்ன? ஃபைபர். அதே மாதிரி ஒரு நூலைப் பின்வீட்டுக்கும் போட்டால் என்ன? அது கண்ணாடி, மின்சாரத்தைக் கடத்தாது, அதால் வாவிக்கரையின் பெரியம்மா கதை நடக்காது. பைப்புக்குள் போவதால் வயர்காரன் நானாவின் மண்வெட்டிக்கும் வேலை உண்டு. இரண்டு முனையும் கொனெக்டர் போட்டே வருகிற கேபிளாக வாங்குங்கள், ஊரில் ஒட்டுகிற மெஷின் தேட வேண்டாம். பைப்பை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், கொனெக்டர் தலை உள்ளே போக வேண்டுமே. இரண்டு பக்கமும் மீடியா கொன்வேர்ட்டர், ஒளியைச் சாதாரண நெட்வொர்க் சிக்னலாக மாற்றுகிற பெட்டி, வேண்டும். ஒற்றை நூல் வகை என்றால் கட்டாயம் ஏ ஒன்று, பி ஒன்று. ஒன்று 1310 நனோமீட்டரில் அனுப்பி 1550இல் கேட்கும், மற்றது மாறி. இன்னொன்று, இந்தக் கேபிள் சிலதில் ஓரமாக ஒரு இரும்புக் கம்பி ஓடும், தூக்கிக் கட்டுவதற்கு. அதைச் சுவருக்கு வெளியிலேயே உரித்து வெட்டிவிடுங்கள், உள்ளே கொண்டுபோனால் திரும்பச் செம்புக் கதைதான்.

வாவிக்கரை

சரி, கேபிளால் இடி வராது. கரண்ட் வயரால்? பின்வீட்டுக்கும் முன்வீட்டு மீட்டரிலிருந்துதானே லைன் போயிருக்கும். அதை உன் கண்ணாடி தடுக்குமா?

தோணாமுகம்

தடுக்காது. இடி இடித்தால் பிளக்கைக் கழற்ற வேண்டும், அம்மாமார் எங்களைவிட அதில் கெட்டிக்காரர். ஆனால் கரண்டால் வருகிறது ஒரு வழி, கேபிளால் வருகிறது இரண்டாவது வழி. ஒன்றையாவது அடைக்கலாம்தானே.

வயர்காரன்

ஃபைபரை ஒரு வளைவில் இறுக்கி மடித்தாலே சிக்னல் செத்துவிடும், கேட்6ஐ மாடு மிதித்தாலும் பிழைக்கும். இதையும் எழுதி வையுங்கள். மற்றபடி பைப் என்ற என் சொல்லை எல்லோரும் ஏற்றுக்கொண்டதில் சந்தோஷம்.

வளவுக்காரன் (மூன்று கிழமைக்குப் பிறகு)

ஃபைபர்தான் போட்டோம். மச்சானும் பக்கத்து வீட்டுப் பொடியனும் சனிக்கிழமை காலை வெட்டத் தொடங்கிப் பகலுக்குள் கிணற்றடி வரை வந்துவிட்டார்கள், அதற்கு அப்பால் தென்னை வேர், அதில் பொழுது போய்விட்டது. ஞாயிறு கொன்வேர்ட்டர் இரண்டையும் குத்தினால் ஃபைபர் லைட் எரியவில்லை. கேபிள் மடிந்துவிட்டதென்று மச்சான் தலையில் கை வைத்துவிட்டார், வயர்காரன் அண்ணனைத்தான் நினைத்தேன். வீடியோவில் பெட்டியைத் திருப்பிக் காட்டச் சொன்னால் இரண்டிலும் ஏ என்று அச்சடித்திருக்கு! கடையில் சோடி என்று கொடுத்தது. திங்கள் பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஒன்றை மாற்றிக்கொண்டு வந்தார். இப்போது ஒன்றோடொன்று இடிக்காமல் பின்வீட்டு ரவுட்டர் வைஃபை சனல் 11இல், முன்வீடு 1இல், பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றே. கட்டிலில் இருந்தபடி அப்பா நியூஸ் பார்க்கிறார்.

அம்மா மட்டும் கோல் எடுத்தால் இன்னும் கிணற்றுக்கட்டுக்குத்தான் வருகிறார். உள்ளே இருந்து பேசலாமே அம்மா என்றால், இங்கேதான் காற்று வருது என்கிறார். நடுவில் கொட்டில் தகரம் மறைப்பதால் அந்த இடத்தில் இப்போதும் இரண்டு கோடுதான்.

வாவிக்கரை

கொட்டில் வளை மரத்தில் ஒரு வெளிப்புற ஆக்சஸ் பொயின்ட் கட்டு. காற்றிலேயே எடுக்கலாம், கேபிள் வேண்டாம்.

வயர்காரன்

தொடங்கிட்டார். தம்பி, பைப் கொட்டிலுக்குப் பக்கத்தாலேதானே போகுது?