ஆஸ்பத்திரி சமையலறைச் செலவை எங்கே பிடிப்பது?

கேள்வி: மதுரைப் பக்கம் 80 படுக்கை மருத்துவமனையில் சமையலறைப் பொறுப்பு எனக்கு. செலவைக் குறைக்கச் சொல்கிறார்கள். பருப்பில் தண்ணீரைக் கூட்ட மனசு வரவில்லை. வேறு எங்கே கை வைக்கலாம்?

பதில்: முதலில் எச்சில் வாளியை எடை போடுங்கள் சார். நாங்கள் ஒரு வாரம் போட்டோம். பாதிக்கு மேல் மதியச் சோறு! மாஸ்டர் மேல் தப்பில்லை, கணக்கில்தான் தப்பு. காலை 7 மணிக்கு வார்டு தரும் எண்ணிக்கையில், 11 மணிக்கு டிஸ்சார்ஜ் ஆகிறவரும் உண்டு, ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் படுத்திருப்பவரும் உண்டு. இப்போது பத்தரைக்கு நர்ஸ் அக்கா மறுபடி எண்ணிச் சொன்ன பிறகுதான் உலையில் அரிசி விழும். தினம் 6 கிலோ மிச்சம் பிடிக்கிறோம்.

இன்னொருவர்: கேஸையும் பாருங்கள். கொண்டைக்கடலையை முந்தின ராத்திரியே ஊறப் போடுங்கள். எங்களுக்கு 19 கிலோ சிலிண்டர் ஒரு நாள் கூடுதலாக வருகிறது.

கேட்டவர்: சரி, நாளைக்கே தராசு எடுக்கிறேன். முட்டையைக் குறைக்கலாம் என்கிறார் கணக்குப்பிள்ளை.

பதில்: வேண்டவே வேண்டாம். புண் ஆறப் புரதம் வேண்டும். அவருடைய டீயில் குறைக்கச் சொல்லுங்கள்!