யாழினியின் ஐந்து நிமிடம்: எங்கள் குடும்பக் குழுவிலிருந்து

யாழினி (அம்மாவின் கைபேசியில்): தாத்தா, வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் தத்தம் சமயத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். இந்து சமயத்தை நிறுவியவர் யார், அதன் புனித நூல் எது என்று அம்மாவிடம் கேட்டேன். உங்களைக் கேட்கச் சொல்லிவிட்டார்.

தாத்தா: இரண்டுக்கும் ஒற்றை விடை கிடையாது, யாழினி. இதை நிறுவியவர் என்று ஒருவர் இல்லை. நூல்களும் பல: நான்கு வேதங்கள், அவற்றைச் சேர்ந்த உபநிடதங்கள், இராமாயணம், மகாபாரதம், அதற்குள் வரும் பகவத்கீதை. தமிழ்நாட்டில் சைவர்கள் பன்னிரு திருமுறைகளையும் வைணவர்கள் நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தையும் வேதத்துக்கு இணையாகவே போற்றுகிறார்கள்.

அத்தை (ஸ்ரீரங்கம்): அப்பா, நூற்பெயர்களை அடுக்கினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். யாழினி, நீ கண்ணால் பார்த்ததைச் சொல். சிவன் கோயிலில் உன் கையில் திருநீறு தருகிறார்கள். எங்கள் பெருமாள் கோயிலில் தீர்த்தமும் துளசியும் தந்து, தலையில் சடாரி வைக்கிறார்கள். கிரீடம் போலிருக்கும் அந்தச் சடாரியின் மேல் பெருமாளின் திருவடிகள் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குச் சடகோபம் என்றும் பெயர். சடகோபன் என்ற பெயரும் உடைய நம்மாழ்வாரே திருவடியாக விளங்குகிறார் என்பது நம்பிக்கை.

யாழினி: அப்படியென்றால் கடவுள் ஒருவரா, பலரா என்று என் தோழி நிச்சயம் கேட்பாள்.

தாத்தா: உண்மை ஒன்றே, அறிந்தவர்கள் அதைப் பல பெயர்களில் அழைக்கிறார்கள் என்னும் கருத்து ரிக் வேதத்தின் முதல் மண்டலத்திலேயே இருக்கிறது. சிதம்பரத்தில் ஓரிடத்தில் நின்றால் நடராசரையும் கோவிந்தராசப் பெருமாளையும் ஒருசேரத் தரிசிக்கலாம். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி நம்புகிறார்கள் என்று சொல்லிவிடாதே. சிவனே முழுமுதல் என்பாரும் உண்டு, திருமாலே என்பாரும் உண்டு, உருவமே வேண்டாம் என்பாரும் உண்டு.

சித்தப்பா: வினைக் கொள்கையை விட்டுவிடாதே. நாம் செய்யும் நல்லதும் கெட்டதும் பலனாக நம்மிடமே திரும்பும், அது அடுத்த பிறவியிலும் தொடரும், அந்தப் பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதே வீடுபேறு என்று மூன்று வரியில் சொன்னால் போதும். எல்லாம் தலையெழுத்து என்று மட்டும் சொல்லாதே. வினைக் கொள்கையில் செய்பவனுக்கும் பொறுப்பு உண்டு.

யாழினி: இந்துக்கள் எல்லோரும் சைவ உணவுதான் சாப்பிடுவார்கள் என்று எழுதலாமா?

சித்தப்பா: நம் குலதெய்வக் கோயிலை மறந்துவிட்டாயா? ஐயனாருக்குச் சர்க்கரைப் பொங்கலும் பழமும் படைத்துவிட்டு, அவர் பார்வையில் படாதபடி திரையை இழுத்து மூடிய பிறகுதானே பக்கத்தில் கருப்பசாமிக்குக் கிடாய் வெட்டுகிறார்கள்? ஒரே வளாகத்தில் இரண்டு படையலும் நடக்கும்போது அப்படி எழுதுவது எப்படிச் சரியாகும்?

தாத்தா: இன்னொன்றையும் சேர்த்துக்கொள். 1939 ஜூலை 8 அன்று விடுதலைப் போராட்ட வீரரான அ. வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த கக்கன் உள்ளிட்ட சிலரை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அதுவரை சாதியின் பெயரால் பலரை அந்த வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அத்தை (ஸ்ரீரங்கம்): பதினொரு வயதுக் குழந்தை பேச வேண்டிய செய்தியா அப்பா இது?

தாத்தா: அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலருடைய முன்னோர் அப்படி வெளியே நின்றவர்களாக இருக்கலாம், அம்மா. சடாரியையும் திருநீற்றையும் சொல்லிவிட்டு, அவை யாருக்கு மறுக்கப்பட்டன என்பதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்?

யாழினி: எழுதிக்கொண்டேன் தாத்தா. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆசிரியை மணி அடித்துவிடுவார். அதனால் தசாவதாரத்தை விட்டுவிடுகிறேன். அத்தை கோபித்துக்கொள்ளக் கூடாது.