கலைச்சொல் வேண்டும்: டயரில் ‘கிரிப்பு’ என்பது எது?

காரைக்குடி ஆசிரியர்:

குழுவுக்கு வணக்கம். திங்கட்கிழமை காலை அச்சகத்துக்குப் போகவேண்டிய கையேடு பாதியில் நிற்கிறது. இருசக்கர வண்டிப் பழுது பார்க்கப் படிக்கும் பையன்களுக்கு டயர் பாடத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நன்றாகத்தான் ஓடியது, ‘கிரிப்பு’ என்ற ஒரு சொல்லில் வந்து மாட்டிக்கொண்டேன்.

நம் பக்கத்தில் ‘டயரில் கிரிப்பு இல்லை’ என்றால் மேலே வெட்டியிருக்கும் பள்ளங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். சாலையை டயர் பிடித்துக்கொள்ளும் வலுவுக்கும் அதே கிரிப்புதான். சொல் ஒன்றாக இருப்பதால் பையன்கள் மனத்திலும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. போன வாரம் பந்தய வண்டியின் மொட்டை டயர் படத்தைக் காட்டி, காய்ந்த சாலையில் எல்லாவற்றையும்விட இதுதான் நன்றாகப் பிடிக்கும் என்றேன். வகுப்பே சிரித்தது. ஒருவன் எழுந்து, ‘சார், அதுலதான் கிரிப்பே இல்லையே’ என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழில் அது சரியான வாக்கியம்தான், நான் என்ன சொல்லித் திருத்துவது?

பள்ளம் வெட்டுவது தண்ணீரை வெளியே தள்ள. காய்ந்த தாரில் பள்ளம் என்பது ரப்பர் தரையைத் தொடாத இடம், அவ்வளவுதான். ஆக எனக்கு இரண்டு சொல் வேண்டும், ஒன்று பிடிக்கும் வலுவுக்கு, இன்னொன்று மேலே உள்ள வெட்டுக்கு. ஞாயிறு இரவுக்குள்.

பள்ளத்தூர் ஐயா:

தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு கவலை? சொல் நெடுங்காலமாகத் தயாராக இருக்கிறது. பற்று. ‘பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு.’ ஏழு சீரில் ஆறு சீர் பற்றுதான், இதைவிட இறுக்கமாக ஒரு சொல்லைப் பிடித்துக்காட்ட யாரால் முடியும்?

வேர் பார்த்தாலும் பொருந்தும். வில் விற்று ஆவதுபோலப் பல் பற்று ஆயிற்று என்பது என் நெடுநாள் கருத்து. பல்லால் கவ்வுவதே முதல் பற்று. சுவரில் தலைகீழாக ஓடும் பல்லிக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று எண்ணிப்பாருங்கள். டயர் என்பது சாலையில் ஓடும் பல்லி. இதை விரித்து நான்கு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன்.

கோட்டையூர் மெக்கானிக்:

ஐயா, நாலு பக்கம் அப்புறம் அனுப்புங்க. என் கடையில் நடப்பதைச் சொல்கிறேன், அதற்குச் சொல் கண்டுபிடித்துக் கொடுங்கள்.

வாடிக்கையாளர் ஒருவர் நல்ல விலையில் ஸ்போர்ட் டயர் வாங்கி மாட்டினார். தினமும் தேவகோட்டைக்கு வேலைக்குப் போய்வருகிறவர். நம்ம ஊர்ச் சாலைதான் தெரியுமே, கயிறு பிடித்துப் போட்ட மாதிரி நேராகப் போகும். எட்டு மாதத்தில் நடு சப்பையாகிவிட்டது. ஓரத்தில் புது டயரில் நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர் முள், அதுகூட உதிரவில்லை. இந்தப் பின் டயரில் நடுவில் கொஞ்சம் கெட்டி ரப்பர், இரண்டு ஓரத்திலும் இளசு ரப்பர். வண்டி சாயும்போது ஓரம் நன்றாகப் பிடிக்கட்டும், நேராகப் போகும்போது நடு சீக்கிரம் தேயாமல் இருக்கட்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். அவர் காசு கொடுத்தது அந்த இளசு ரப்பருக்கு. அது தரையைப் பார்க்கவே இல்லை. இப்போது வளைவில் சாய்த்தால் சப்பையின் விளிம்பில் வண்டி ஒரு நொடி அடம்பிடித்து, அப்புறம் பொத்தென்று விழுகிற மாதிரி இருக்கிறதாம். டயர் சரியில்லை என்று என்னோடு சண்டை.

அதே டயரைப் போட்டுக்கொண்டு நான் கொல்லிமலை போயிருக்கிறேன். 70 கொண்டை ஊசி. விடியற்காலை முதல் சில வளைவில் ரப்பர் சில்லென்று இருந்தது, நம்பிச் சாய்க்க மனசு வரவில்லை. சூடு ஏறினபிறகு வண்டி வேறு வண்டி. பள்ளம் அதே பள்ளம்தானே, இடையில் மாறினது எது? அதற்குத்தான் பெயர் வேண்டும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். சாய்க்காமல் ஓட்டுகிறவர் டயரில் ஓரமாகத் தேயாத பட்டை நிற்கும். வெளிநாட்டில் அதைக் கோழிப் பட்டை என்று கிண்டல் செய்கிறார்கள். அதற்கும் ஒன்று.

தேவகோட்டை ஆச்சி:

கோழிக்கோடு என்று வைத்தால் பையன்கள் கேரளாவுக்கு பஸ் ஏறிவிடுவார்கள். அவர்களுக்குக் கோழி என்றால் பயந்தவன். நம்ம ஊரில் குஞ்சு வைத்திருக்கும் கோழி பருந்தையே விரட்டும், அந்தக் கிண்டல் இங்கே ஏறாது. பயந்தாங்கொள்ளியை எடுத்துக்கொண்டு ‘பயந்தாங்கோடு’ என்று வையுங்கள். ஆனால் கையேட்டில் ஒரு வரி சேர்க்கவேண்டும்: அந்தக் கோட்டின் அகலம் டயரின் வளைவைப் பொறுத்தது, ஊர்ச் சாலையைப் பொறுத்தது, ஓட்டுகிறவனின் வீரத்தை வைத்து மட்டும் வருவதில்லை. கோட்டை அழிக்கிறேன் என்று செம்மண் சரளை கிடக்கும் திருப்பத்தில் சாய்த்து விழுந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பற்று பற்றி.

> இதைவிட இறுக்கமாக ஒரு சொல்லைப் பிடித்துக்காட்ட யாரால் முடியும்?

ஐயா, குறளுக்கு நான் எதிரியில்லை. ஆனால் செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு பற்று என்று எழுதினால் எவன் துறவறத்தை நினைப்பான்? பற்று வரவுதான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டுப் பேரேடு முழுக்கப் பற்றுதான். ‘இந்த டயரில் பற்று அதிகம்’ என்றால் கடை பாக்கி நிறைய இருக்கிறது என்று பொருள்.

பள்ளத்தூர் ஐயா:

ஆச்சி, நீங்கள் எதிர்க்கிறேன் என்று எனக்கே சாட்சி சொல்லிவிட்டீர்கள். டயரிடம் இருப்பு என்று ஒன்று இருக்கிறது. பிரேக் பிடித்தால் அதிலிருந்து ஒரு பற்று எழுதுகிறோம், வளைவில் திரும்பினால் இன்னொரு பற்று. இருப்புக்கு மேல் பற்று எழுதினால் வண்டி வழுக்கும். ஐந்தொகை போடத் தெரிந்த ஊருக்கு இதைவிட விளக்கமான சொல் உண்டா?

காரைக்குடி ஆசிரியர்:

ஐயா, படித்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. கடைசியில் கணக்குதான் உதைக்கிறது. டயரின் மொத்தப் பிடி பத்து என்று வையுங்கள். பிரேக்குக்கு ஆறு போனால் திரும்புவதற்கு எவ்வளவு மிச்சம்? பேரேட்டில் நாலு. டயரில் ஏறத்தாழ எட்டு. இரண்டும் வெவ்வேறு திசையில் இழுப்பதால் நேராகக் கழிக்கக்கூடாது, செங்கோண முக்கோணம் மாதிரி பார்க்கவேண்டும். ஆறின் வர்க்கம் 36, எட்டின் வர்க்கம் 64, கூட்டினால் நூறு. பத்தில் ஆறு போனால் எட்டு மிச்சம் என்று எங்கள் அப்பச்சியிடம் சொல்லியிருந்தால் கடையை விட்டே விரட்டியிருப்பார். இதைப் பற்று என்று எழுதினால் பையன்கள் நாலு என்றுதான் போடுவார்கள்.

சொல் எதைத் தாங்கவேண்டும் என்று இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். ஓட்டுகிறவரோடு சேர்ந்து ஒரு சக்கரத்தின் மேல் 100 கிலோ, டயரில் காற்றழுத்தம் சுமார் 2 பார், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ என்றால், தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ 50 சதுர சென்டிமீட்டர். எட்டு அங்குல ஆத்தங்குடிக் கல்லில் எட்டில் ஒரு பங்கு. அந்தத் துண்டை நம்பித்தான் உயிர். அங்கே ரப்பர் இரண்டு வேலை செய்கிறது, தாரோடு ஒட்டுகிறது, தாரின் நுண்ணிய மேடுபள்ளத்துக்குள் பிதுங்கி இறங்கியும் கொள்கிறது. 45 டிகிரி சாயவேண்டுமானால் சுமையின் அளவுக்கே பக்கவாட்டிலும் பிடி வேண்டும். பந்தய டயரை 80 டிகிரிக்கும் மேலே சூடாக்கிவிட்டுத்தான் இறக்குகிறார்கள். அப்படிப்பட்ட ரப்பரைச் சந்தைக்குப் போகிற வண்டியில் மாட்டினால் அதற்கு வேண்டிய சூடே வராது. ஆகவே கூடும், குறையும், அளக்கலாம் என்று வருகிற சொல் வேண்டும். ஒட்டு என்பது பாதி வேலையைத்தான் சொல்கிறது.

கானாடுகாத்தான், இப்போது ஈப்போவில்:

ரப்பர் என்ற சொல்லை எல்லோரும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டீர்களே. இலங்கையில் இறப்பர் என்று எழுதுகிறார்கள். இங்கே மலேசியாவில் பழைய தோட்டத்துச் சனங்கள் பால்மரம் என்பார்கள், வேலைக்குப் பால் வெட்டு. நம்மவர்கள் வட்டிக்குக் கொடுத்த பணம் திரும்பாமல் எத்தனை பால்மரத் தோட்டம் கைக்கு வந்தது, எத்தனை கையை விட்டுப் போனது என்று எழுதினால் அது தனிக் கதை. விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போவார்கள், வெயில் ஏறினால் பால் ஓடாது. இவ்வளவு அழகான சொல் கையில் இருக்கும்போது ரப்பரின் பிடிக்குப் ‘பாற்பிடி’ என்று வைக்கலாமே?

கோட்டையூர் மெக்கானிக்:

பாற்பிடி என்று போர்டு வைத்தால் தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள் அண்ணே.

தேவகோட்டை ஆச்சி:

ஞாயிறு மதியம் ஆகிவிட்டது. வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு ஆட்டும்போது தோன்றியது, ஏற்கெனவே நம் வாயில் இருக்கும் சொல்தான். பிடிமானம். ‘பிடிமானம் இல்லாமல் ஏணியில் ஏறாதே’ என்று சொல்லாத வீடு இருக்கிறதா? இன்னும் பாருங்கள், வண்டி சாயும் அளவுக்குச் சாய்மானம், ரப்பர் தேயும் அளவுக்குத் தேய்மானம். மூன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நிற்கின்றன. ‘ஓரத்தில் இளசு ரப்பர் இருப்பதால் சாய்மானத்தில் பிடிமானம் கூடும், தேய்மானமும் கூடும்.’ இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளக்கவேண்டியதில்லை.

பள்ளத்தூர் ஐயா:

தல், அல், அம், ஐ, கை, வை என்று தொழிற்பெயர் விகுதிகளை மனப்பாடம் செய்தோமே, அந்த வரிசையில் மானம் எங்கே வருகிறது? அளவு என்னும் வடமொழி மானத்தைக் கொண்டுவந்து தமிழ் வினையின் வாலில் கட்டியிருக்கிறார்கள். வருமானம், கட்டுமானம், எல்லாம் அப்படித்தான். வழக்கில் இருக்கிறது என்பதற்காகப் புதிதாக ஆக்கும் சொல்லிலுமா?

தேவகோட்டை ஆச்சி:

வடமொழி அளவு என்றே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. அப்போது பிடிமானம் என்றால் பிடிக்கும் அளவு. ஆசிரியர் கேட்டதும் அளக்கக்கூடிய சொல்தானே? தவிர, ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’, காலத்தோடு வழக்கில் வந்த சொல்லைத் தள்ளவேண்டாம் என்று தொல்காப்பியரே கதவைத் திறந்து வைத்திருக்கும்போது நீங்கள் ஏன் குறுக்கே நிற்கிறீர்கள்?

பள்ளத்தூர் ஐயா:

அந்த நூற்பாவுக்கு அது பொருள் இல்லை. தனி மடலில் எழுதுகிறேன்.

கோட்டையூர் மெக்கானிக்:

பிடிமானத்துக்கு என் ஓட்டு. இரண்டாவது சொல்லை மறந்துவிட்டோம். வெட்டுக்குக் கடையில் பட்டன் என்போம். ‘பட்டன் தேய்ந்துவிட்டது, டயர் மொட்டை.’ அதையே வைக்கலாம்.

பள்ளத்தூர் ஐயா:

பட்டனா? சட்டைக்கும் டயருக்கும் ஒரே சொல்லா? பொத்தான் என்றாவது எழுதுங்கள்.

கானாடுகாத்தான், இப்போது ஈப்போவில்:

பொத்தான் போர்த்துக்கீசியம் ஐயா. ஜன்னலும் சாவியும் வந்த அதே கப்பல்.

பள்ளத்தூர் ஐயா:

தெரியும். நானூறு ஆண்டு நம்மோடு இருந்துவிட்டது.

காரைக்குடி ஆசிரியர்:

(இந்த வாதத்தை ஐயா பிடிமானத்துக்கு ஏன் தரவில்லை என்று கேட்க எனக்கு வாய் வந்தது, வயது கருதி விடுகிறேன்.) பட்டன் என்பது மேட்டின் பெயர். எனக்குப் பள்ளத்துக்கு அல்லவா வேண்டும். ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால், இது தண்ணீரை வெளியே வடிக்கிறது. வடியும் வரி, ‘வடிவரி’ என்று வைத்தால்?

தேவகோட்டை ஆச்சி:

அச்சுக் கோக்கிறவர் அதை ‘வடிவம்’ என்று திருத்திவிடுவார், பாருங்கள்.

காரைக்குடி ஆசிரியர்:

மணி பதினொன்று. நாலு பேர் பிடிமானம், ஐயா ஒருவர் மட்டும் பற்று. சாய்மானம், தேய்மானம் அப்படியே போகின்றன. வெட்டுக்கு வடிவரி, பக்கத்தில் ‘கடைவழக்கில் பட்டன்’ என்று குறிப்பு. பயந்தாங்கோடு போடவில்லை, முதல்வர் கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஐயாவின் மாற்றுக் கருத்தை அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி, தூங்கப் போகிறேன்.

பள்ளத்தூர் ஐயா:

அடிக்குறிப்பில் குறளை முழுமையாகக் கொடுத்தீர்களா?

காரைக்குடி ஆசிரியர் (பதினாறு நாள் கழித்து):

கையேடு வந்துவிட்டது, வடிவரி ஒரு இடத்தில் வடிவம் ஆகியிருக்கிறது. நேற்று வகுப்பில் சின்னத் தேர்வு வைத்தேன். டயரை எப்போது மாற்றவேண்டும் என்ற கேள்விக்குப் பாதிப் பேர் எழுதிய விடை: ‘பிடிமானம் தேய்ந்து மொட்டையானதும் மாற்றவேண்டும்.’

பள்ளத்தூர் ஐயா:

பற்று என்று வைத்திருந்தால் பற்று தேய்ந்தது என்று எழுதியிருப்பார்களா?

கோட்டையூர் மெக்கானிக்:

எழுதியிருப்பார்கள் ஐயா.